சிறிய மீன்களுக்கு எந்தத் தொட்டி? முத்தியால்பேட்டை வாசகிக்கு ஒரு விரிவான பதில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முதல் மாடி வாடகை வீட்டில் குடியிருப்பதாகவும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கலர் மீன் வேண்டும் என்று பல நாளாகக் கேட்பதாகவும், கடைக்காரர் உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்றையும் இரண்டு தங்கமீன்களையும் காட்டி "ஆரம்பத்துக்கு இது போதும், வாரம் ஒரு தடவை தண்ணியை மாத்தினா சரி" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடம் குறைவு, செலவு கைக்குள் அடங்க வேண்டும், மீன் செத்துப் பிள்ளை அழக்கூடாது. எந்தத் தொட்டியை வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீன் வளர்த்துவருகிறேன். உங்கள் ஊரின் வெயில், தண்ணீர், மின்வெட்டு எல்லாம் எங்களுக்கும் உள்ளவைதான் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடுவையை வாங்காதீர்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட, கடைகளில் இரண்டடித் தொட்டி என்று சொல்லப்படும் நீள்சதுரக் கண்ணாடித் தொட்டியை மூடியோடு வாங்குங்கள். அதற்குள் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடட்டும். தங்கமீனை விட்டுவிட்டுக் கப்பி, ஸீப்ரா போன்ற உண்மையிலேயே சிறிய மீன்களைத் தேர்ந்தெடுங்கள். தொட்டி வந்த அன்றே மீனை விடாமல் ஒரு மாதம் பொறுங்கள். இவற்றுக்கான காரணங்கள் தெரிந்துவிட்டால், கடையில் வேறொரு தொட்டியைக் காட்டும்போது அது ஆகுமா ஆகாதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சிறிய மீனுக்குச் சிறிய தொட்டி போதும் என்ற எண்ணம்தான் பெரும்பாலான வீடுகளில் மீன் சாவதற்குக் காரணம். மீன் தன் கழிவை அது நீந்தும் தண்ணீரிலேயே விடுகிறது. அந்தக் கழிவில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் மிச்சம் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. அது மீனின் செவுளை அரித்துவிடும் நஞ்சு. நாற்பது லிட்டர் தண்ணீரில் இரண்டு சிறு மீன்கள் ஒரு நாளில் விடும் கழிவு கரைந்து நீர்த்துப்போகும். நான்கு லிட்டரில் அதே கழிவு பத்து மடங்கு செறிவாக நிற்கும். பிள்ளை ஆசையில் ஒரு பிடி தீனியைக் கூடுதலாகப் போட்டுவிட்டாலும் அப்படித்தான்: பெரிய தொட்டியில் அது ஒரு பிழை மட்டுமே, குடுவையில் அதுவே சாவு. ஆகையால் புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரிய தொட்டிதான் எளிது. சிறிய தொட்டியை நலமாக வைத்திருக்க அனுபவம் அதிகம் வேண்டும்.

நான் மீன் வளர்க்கத் தொடங்கிய ஆண்டில், உங்களுக்குக் காட்டப்பட்டதைப் போன்றதொரு குடுவையில்தான் இரண்டு தங்கமீன்களை வாங்கிவந்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் மங்கி, மேற்பரப்பில் எண்ணெய் படிந்தாற்போல் ஆயிற்று. கடையில் சொன்னபடியே மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தபோது இரண்டும் குடுவையின் கழுத்தருகே வாயை நீட்டி நீட்டிக் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன; ஒன்றின் செவுள் மூடி விரிந்து, உள்ளே இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. மாலைக்குள் இரண்டும் சாய்ந்துவிட்டன. அந்தக் கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

குடுவையின் வடிவமும் மீனுக்கு எதிரி. தண்ணீருக்குள் உயிர்வளி சேர்வது பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகத்தான். 25 செ.மீ. குறுக்களவுள்ள ஓர் உருண்டைக் குடுவையைப் பாதி மட்டும் நிரப்பினால் காற்றுப்படும் பரப்பு ஏறத்தாழ 490 சதுர செ.மீ.; ஆனால் தண்ணீர் நான்கு லிட்டர்தான் இருக்கும். தண்ணீர் கூடட்டும் என்று 12 செ.மீ. அகலமுள்ள வாய்வரை நிரப்பினாலோ பரப்பு 113 சதுர செ.மீட்டராகக் குறுகிவிடும். இரண்டடித் தொட்டியின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ. இதே கணக்கை வைத்து, இப்போது அழகுக்காக விற்கப்படும் ஒல்லியான உயரத் தொட்டிகளையும் எடைபோடலாம். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று நிற்கும் தொட்டியும் நான் சொல்லும் தொட்டியும் கொள்ளளவில் ஒன்றே. ஆனால் அதன் மேற்பரப்பு பாதிதான், மீன் ஓடி நீந்தும் நீளமும் பாதிதான். சிறிய மீன்களில் பெரும்பாலானவை குறுக்காக நீந்துபவை. ஏஞ்சல் போன்ற உயரமான மீனுக்குத்தான் உயரம் வேண்டும், அதற்கும் 45 செ.மீ. போதும்.

கொள்ளளவைக் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே போட்டுப்பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். மேலே மூன்று விரல் இடைவெளி, அடியில் கூழாங்கல் ஆகியவற்றைக் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 45 லிட்டர். வாரம் ஒருமுறை இதில் நான்கில் ஒரு பங்கை மாற்ற வேண்டும்; அது ஒரு பக்கெட் தண்ணீர்தான். மூன்றடித் தொட்டி இதைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாடகை வீடு மாறும்போது இரண்டடித் தொட்டியைக் காலி செய்து ஒருவரே மாடிப்படியில் இறக்கிவிடலாம், 6 மி.மீ. கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டி 11 கிலோ அளவில்தான் இருக்கும்.

இனி நம் ஊரின் வெயில். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள முதல் மாடி அறையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுவது வியப்பில்லை. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்து நிற்கும். 32 டிகிரியில் அது 7-ஐச் சற்றே தாண்டும். அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவையோ கூடுதல். வரவு குறைந்து செலவு கூடும் நேரத்தில் கையிருப்பு எவ்வளவு என்பதைத்தான் தொட்டியின் அளவு தீர்மானிக்கிறது. நான்கு லிட்டர் குடுவை காலையில் 27 டிகிரியும் பிற்பகலில் 33 டிகிரியுமாக ஏறி இறங்கும். 45 லிட்டர் தண்ணீர் அவ்வளவு விரைவில் சூடாவதுமில்லை, ஆறுவதுமில்லை. மே மாதத்தில் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியைக் கட்டி, ஒரு சிறு மின்விசிறியின் காற்று மேற்பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஹீட்டர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கடையில் சொல்லக்கூடும். மார்கழிப் பனியிலும் நம் வீட்டுக்குள் இந்த மீன்களுக்கு அது தேவைப்படாது.

மின்வெட்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மின்கம்பங்களெல்லாம் சாய்ந்து, பல நாள் மின்சாரம் இல்லை. அப்போது என்னிடம் ஒரு மூன்றடித் தொட்டி இருந்தது. தீனியை அடியோடு நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் நாற்பது ஐம்பது தடவை ஊற்றினோம்; இரவில் நானும் என் மனைவியும் முறைவைத்து எழுந்தோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. மீன்கள் குறைவாக இருந்ததும் தண்ணீர் நிறைய இருந்ததும்தான் அதற்குக் காரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊரருகே கரை கடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகையால் தொட்டி வாங்கும்போதே பேட்டரியில் ஓடி, தண்ணீருக்குள் காற்றை ஊதும் சிறிய ஏர் மோட்டார் ஒன்றையும் வாங்கி, ஐப்பசி பிறந்ததும் புது பேட்டரி போட்டு வைத்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்த மீன் என்பதைத் தண்ணீரும், எந்தத் தொட்டி என்பதை மீனும் தீர்மானிக்கின்றன. உங்களுக்குக் குழாயில் வருவதும் போர் தண்ணீரும் இரண்டுமே நிலத்தடி நீர். கடலோரப் பகுதிகளில் உப்புநீர் உள்ளே ஏறியிருப்பதால் தெருவுக்குத் தெரு சுவை மாறும். ஆர்.ஓ. இயந்திரம் பழுதுபார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து அளந்து தரச் சொல்லுங்கள். 500, 600 என்று காட்டினாலும் கவலையில்லை. 1000 வரைகூடக் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை தாங்கும், சற்றுக் கடினமான தண்ணீரைத்தான் அவை விரும்பும். அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான நீரிலிருந்து வந்த நியான் டெட்ராவுக்கு அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. அது எவ்வளவு அழகாக மின்னினாலும் முதல் தொட்டிக்கு வேண்டாம். கடினத் தண்ணீரின் காரத்தன்மையில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது: காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் உள்ள பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பமும் அதை மேலும் கூட்டும். வெயிலும் காரத்தன்மையும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்களில் தொட்டியைச் சிறியதாக எடுக்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மீனுக்கு நல்லது என்று எண்ணிக் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் நிரப்பிவிடாதீர்கள். தாது உப்புகள் இல்லாத அந்தத் தண்ணீரில் கப்பியும் மோலியும் நலிந்துபோகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாயகன்ற பக்கெட்டில் ஒரு நாள் திறந்துவைத்தால் போய்விடும், அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் மருந்தை அளவாகச் சேர்க்கலாம். வெயிலில் வற்றிய அளவுக்கு மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் நீராவி போய் உப்பு தங்கும். மாதக்கணக்கில் அது ஏறிக்கொண்டே போகும். ஆகையால் நிரப்புவதோடு நிற்காமல், பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும்.

தங்கமீன் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். கடையில் கட்டைவிரல் அளவில் இருப்பது குஞ்சு. நன்றாக வளர்ந்தால் அது ஒரு சாண் நீளத்தை எட்டும், பத்து ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது, கழிவும் அதற்கேற்பக் கூடுகிறது. இரண்டு தங்கமீன்களுக்கு நூறு லிட்டராவது வேண்டும், அதுவும் குளிர்ந்த நீராக இருந்தால் நல்லது. ஃபைட்டர் மீனின் நிலை வேறு. மேற்பரப்புக்கு வந்து நேராகக் காற்றை விழுங்கிச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு இருக்கிறது, அதனால்தான் கடைகளில் அதை ஹார்லிக்ஸ் பாட்டில் அளவுள்ள குப்பிகளில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். மூச்சு விட முடிகிறது என்பதற்காக அம்மோனியா அதன் தோலையும் செவுளையும் விட்டுவிடாது. உங்களுக்கு உண்மையிலேயே இரண்டடி இடம் இல்லையென்றால், மூடியுள்ள 20 லிட்டர் தொட்டியில் ஒரே ஓர் ஆண் ஃபைட்டரை வைக்கலாம். அதற்கும் கீழே போக நான் சொல்லமாட்டேன்.

இரண்டடித் தொட்டிக்கு என் பரிந்துரை ஆறு ஆண் கப்பியும் ஆறு ஸீப்ராவும். ஸீப்ரா கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் நம் நாட்டு மீன். வெயிலைத் தாங்கும், கூட்டமாக ஓடுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அலுக்காது. கப்பியில் பெண்ணையும் சேர்த்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை இணைந்த பெண் கப்பி ஆண் இல்லாமலேயே பல ஈடு குட்டி போடக்கூடியது என்பதால், ஆறு மாதத்தில் எந்தத் தொட்டியும் போதாமல் போய்விடும். ஆணுக்குத்தான் வண்ண வால் என்பதால் அதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

கண்ணாடியை வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. இந்த அளவுக்கு 5 மி.மீ. கண்ணாடியைப் பலர் போடுகிறார்கள், 6 மி.மீ. என்றால் மனம் நிம்மதியாக இருக்கும். விளிம்புகள் கையைக் கிழிக்காதபடி தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். மூலைகளில் சிலிகான் இடைவெளியின்றி, குமிழியின்றி ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்; புதிதாக ஒட்டியது என்றால் புளித்த காடி வாடை அடிக்கும், அந்த வாடை முற்றிலும் போகும்வரை தண்ணீர் ஊற்றக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ தெரிந்தவர் வீட்டிலோ பழைய தொட்டி கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், ஆனால் சிலிகான் மஞ்சளாகி நகத்தால் கிள்ளினால் உரிந்துவரும் தொட்டி வேண்டாம். புதியதோ பழையதோ, வீட்டுக்கு வந்ததும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தொட்டியை வைத்து முழுக்க நிரப்பி ஒரு நாள் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூடத் தாளின் ஓரத்தில் படரும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிரம்பிய தொட்டி கூழாங்கல்லோடு 70 கிலோவுக்குக் குறையாது. ஒரு பெரிய ஆள் ஒரே இடத்தில் நிற்பதைப் போன்றது அது. மாடித் தளம் தாங்கும், டி.வி. வைக்கும் மரத்தூள் பலகை தாங்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும். வீட்டில் சுவரோடு பதித்த கடப்பா கல் மேடை 30 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இரும்புச் சட்டம் செய்வதானால், கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்று ஓராண்டிலேயே துருவை ஏற்றிவிடும் என்பதால் துருத்தடுப்புப் பூச்சை இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள். தொட்டியின் கீழ் ஒரு தெர்மோகோல் தகடும், வைத்தபின் நாலு மூலையிலும் ரசமட்டமும் வைத்துப் பார்ப்பது கட்டாயம். ஒரு பக்கம் சாய்ந்தால் அழுத்தமெல்லாம் ஒரே மூலையில் ஏறும். மேற்கு ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், பாசி பிடித்துவிடும். மின்கம்பி தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்கு ஏறாமல், ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும்; கம்பி வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. பிள்ளை கை வைக்கும் இடம் என்பதால் இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஃபில்டரில் விலை உயர்ந்தது தேவையில்லை. காற்றால் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும், குட்டி மீனை இழுக்காது. ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கக்கூடும். விளக்கு, பொம்மை, வண்ணக் கல் எல்லாம் உங்கள் விருப்பம். ஒரு மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தொட்டிக்குள் இறக்கிவிட்டால், மீன் கழிவிலிருந்து கடைசியில் தண்ணீரில் சேரும் நைட்ரேட் என்ற பொருளைக் குடித்து அது செழித்து வளரும். மூடி எதுவாக இருந்தாலும் காற்றுப் போக இடைவெளி இருக்கட்டும். ஆனால் மூடாமல் விட்டால் ஸீப்ரா துள்ளி வெளியே விழுந்துவிடும்.

அந்த ஸ்பாஞ்ச் அழுக்கை அரிப்பதோடு நிற்பதில்லை. அதன் துளைகளில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்பு அதைக் கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலச வேண்டும். நான் குடுவையின் தண்ணீரை மொத்தமாகக் கொட்டியபோது, குழாயின் குளோரினையும் முற்றிலும் வேறான ஒரு தண்ணீரையும் ஒரே நொடியில் அந்த மீன்கள்மேல் கொட்டிவிட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நினைப்பீர்கள். அந்த மாதத்தின் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். நாளும் காலையில் இரண்டு விரலால் கிள்ளிய தீனியை அவள் வெறும் தண்ணீரில் போடட்டும். அது அழுகித்தான் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை அம்மோனியா, நைட்ரைட் சோதனைச் சொட்டுகளைச் சிறு குப்பியில் விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு அதே நிறத்தைப் பென்சிலால் தீட்டி வைக்கட்டும். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். தீனி தொடர்ந்து போட்டும் இரண்டும் சுழியில் நிற்கும் நாள் வந்தால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அடுத்த நாள் மாலை வெயில் தணிந்தபின் அவளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் முதலில் ஆறு ஸீப்ராவை மட்டும் வாங்கி வாருங்கள். கப்பி மூன்று வாரம் கழித்து வரட்டும்.